சுவரின் இலக்கம்

நாகலகம் வீதி அளவுகோலில் ஆறு இறங்கிவிட்டதென்று
வானொலி சொன்ன அன்றும்
எங்கள் கீழ்வீட்டுக்குள் அது இறங்கியிருக்கவில்லை.
சேற்றை வழித்தோம். மெத்தையை லொறியில் ஏற்றினோம்.
பிரிட்ஜைத் திறந்தேன், உடனே மூடினேன்.
வெல்லம்பிட்டி முழுக்க வாசல்களில் அலுமாரிகள்
வாய் பிளந்தபடி வெயில் காய்ந்தன.

முதலில் வந்தவர் பக்கத்து லேன் பாஸ்.
விரலால் தட்டினார், நகத்தால் சுரண்டினார்,
"ரெண்டு கோட் பெயின்ட் அடிச்சா ஒண்டும் தெரியாது, தங்கச்சி."
ஒன்றும் தெரியாது என்பதுதான் என் பயமென்று
அவருக்கு எப்படிச் சொல்ல?

இரண்டாமவர் உள்ளே வரவில்லை.
வாசலில் நின்று படம் எடுத்தார்.
இரவு வாட்ஸ்அப்பில் விலை வந்தது.
தவநேசன் பார்த்துவிட்டு
கைபேசியைக் குப்புற வைத்தார்.

பிறகு சுரங்க.
நுகேகொடையில் ஒரு கம்பனி, நீல டீசேர்ட்,
சப்பாத்தைக் கழற்றவா என்று கேட்டான்
கழற்றி வைக்க உலர்ந்த இடமே இல்லாத வீட்டில்.
கையில் சின்னக் கருவி, இரண்டு ஊசிமுனை.
சுவரில் அழுத்தி,
காய்ச்சல் பார்ப்பவனைப்போலக் காத்திருந்தான்.
வெள்ளம் நின்ற கோட்டுக்குக் கீழே முப்பத்தெட்டு.
குசினியில் முப்பத்தாறு.
அவனுக்குத் தமிழ் அரைவாசி, எனக்குச் சிங்களம் முக்கால்வாசி,
எண்களில் மட்டும் இருவருக்கும் பிழை வரவில்லை.

மகன் படுக்கும் அறை.
வெள்ளக்கோட்டுக்கு மேலே, என் தலைக்கும் மேலே,
கலண்டர் தொங்கிய ஆணியருகே அழுத்தினான்.
நாற்பத்தொன்று.
மறுபடி அழுத்தினான்.
நாற்பத்தொன்று.
"இது ஆத்துத் தண்ணி இல்ல, மிஸ்.
இது பழசு."

மேல்வீட்டுக் குழாய். எத்தனை வருஷமோ.
வெள்ளை அடித்து அடித்து
நாங்களே அதற்குப் போர்த்திவிட்டிருக்கிறோம்.
அபினாஷின் இருமலுக்காக
பொரளையில் வரிசையில் நின்ற காலைகள்,
மாற்றிய தலையணைகள், நிறுத்திய தயிர்,
மாமி பழி சொன்ன ஐஸ்கிறீம்,
எல்லாம் அந்த ஆணியருகே வந்து நின்றன.

காப்புறுதி வெள்ளத்துக்கு மட்டும்தான்.
ஒழுகும் குழாய்க்குக் கிடையாது.
சுரங்க படிவத்தைத் தொடையில் வைத்து
பேனா மூடியைக் கடித்தான்.
"எல்லாம் வெள்ளம் எண்டு எழுதவா?"
குரலைத் தாழ்த்தவில்லை. விலாசம் கேட்பதுபோல் கேட்டான்.
தவநேசன் என்னைப் பார்த்தார்.
படியில் ஆறு ஏறி வந்தபோதும்
அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"வேற வேறயா எழுதுங்கோ" என்றேன்.
நேர்மை என்று நினைக்கவேண்டாம்.
அந்த நாற்பத்தொன்று ஒரு தாளிலாவது
தன் சொந்தப் பேரில் இருக்கட்டும் என்று பட்டது, அவ்வளவுதான்.
அன்றிரவே தவநேசன் யாரிடமோ
மோட்டார்சைக்கிள் என்ன விலைக்குப் போகும் என்று கேட்டார்.
என்னோடு பேசவில்லை.

சாந்தைக் கொத்தினார்கள், செங்கல் தெரியும்வரை.
உள்ளே பூஞ்சணம், கறுத்து, மயிர்போல.
மூன்று மெஷின்கள் இரவுபகலாய் உறுமின.
விடியற்காலையில் தொட்டி நிறையத் தண்ணீர், சுவர் விட்டது.
தெளிவாக இருந்தது, அதுதான் கோபம் வந்தது.
எங்கே ஊற்றுவதென்று தெரியாமல்
கானில் ஊற்றினேன். கான் ஆற்றுக்குத்தான் போகிறது.

மேல்வீட்டு ஹேமமாலி கதவைத் திறக்க நாலு நாள் எடுத்தது.
திறந்தபின் தேத்தண்ணி தந்தாள்.
குழாயைப் பற்றி, அவள் கணவன் ஞாயிறு வந்தால் பேசலாமாம்.

ஆறாம் நாள் சுரங்க வந்து அழுத்தினான்.
இருபத்திரண்டு.
"பதினாறுக்கு வரோணும்" என்றான்.
கருவியை அபினாஷ் கேட்டு வாங்கி
தன் உள்ளங்கையில் வைத்து அழுத்தினான்.
அது கீச்சிட்டது, எண்ணே காட்டவில்லை.
இருவரும் சிரித்தார்கள், பிறகு அவன் இருமினான்.
நான் கரண்ட் மீட்டரைப் பார்க்கப் போனேன்.
அது ஓடிக்கொண்டிருந்தது.